அம்மி போட்ட நாள்

ஆகஸ்ட் 10, சனி

ஜனவரியில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக மேசை ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. இன்று உருவி எடுத்துவிட்டேன். யோசனை என் வீட்டுக்காரர் சேதுவுடையது. "ஒனக்கு வர்ற கோவத்தையெல்லாம் கடைக்கு வர்றவுகட்டக் காட்டாத வல்லி. எதுலயாச்சும் எழுதி வையி" என்றார். மேசை இப்போது ஆடுகிறது. அதற்கும் கோபம் வருகிறது.

என் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே. 'வல்லி கணினித் தட்டச்சகம்' என்று பலகை. அதன் கீழே, 'மனுக்கள் பிழையின்றித் தட்டச்சு செய்து தரப்படும்.' பத்தொன்பது வருஷத் தொழிலில் ஒரு கால், ஒரு கொம்பு தவறியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

மத்தியானம் பஞ்சவர்ணம் அக்கா வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். கையில் கோடு போட்ட தாள். "ஒரு மனு அடிக்கணும்த்தா, கலெக்டருக்கு."

அம்மி போட்ட நாளுக்கு உள்ளூர் விடுமுறை வேண்டுமாம்.

நான் இந்த நெடுங்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் எனக்கும் இந்தக் கதை தெரியாது. 1985 நவம்பர் 22. விடாத மழையில் கண்மாய்க் கரை உடைத்துக்கொண்டது. ஊரில் ஓர் ஆம்பளை இல்லை. வைக்கோல் போட்டார்கள், முள்ளுக்கட்டு போட்டார்கள், எல்லாவற்றையும் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. அப்புறம் ஒருத்தி தன் வீட்டு அம்மியைப் புரட்டிக்கொண்டு வந்து உடைப்பில் தள்ளினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். நாற்பத்தேழு பேர், நாற்பத்தேழு அம்மி. உடைப்பு அடைபட்டது, ஊர் பிழைத்தது. மறுநாள் அரைக்க ஒரு வீட்டிலும் கல் இல்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த நாளில் ஊரில் எந்தப் பெண்ணும் அடுப்பு மூட்டுவதில்லை. ஆம்பளைகள் சமைப்பார்கள். எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாக சேது உப்புமா கிண்டுகிறார், இன்னும் தேறவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா அந்த நாற்பத்தேழு பேரில் ஒருவர். கல்யாணமாகி அப்போது இருபதே நாள். கல்யாணத்தில் மிதித்த அம்மியையே கொண்டுபோய்ப் போட்டவர். ஆனால் 91-இல் சத்துணவு வேலைக்குப் போனதிலிருந்து, ஊரே கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் அன்றைக்கு அவர் மட்டும் நூற்று எண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் அவருக்கும் ஓய்வு உண்டு, இல்லை என்றால் மழை லீவு விட்டால் உண்டு.

"அன்னைக்கு ஒருநாள் லீவு போட வேண்டியதுதானக்கா?" என்றேன்.

"நான் லீவு போட்டா எனக்குப் பதிலா ஒருத்தி வந்து அடுப்பு பத்த வைக்கணும். அவளும் பொம்பளதான? தேருக்கு லீவு விடுறாக, தெப்பத்துக்கு விடுறாக. எங்களுக்கும் விடட்டும். இந்த நவம்பர் முப்பதோட எனக்கு வேலை முடியுதுத்தா. ஒரே ஒரு வருசம், சர்க்காரே சொல்லி நான் சும்மா உக்காரணும்."

அடித்துக் கொடுத்தேன். எனக்கென்ன, தட்டச்சு என் தொழில். இந்த ஊர் அம்மிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, கிராம சபை. மனுவோடு ஊர்த் தீர்மானம் இருந்தால் பலம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதனால் நானே போய் வாசிக்க வேண்டியதாயிற்று.

'ஊர் ஆடவர் அனைவரும் புதிதாகத் திறந்த திரையரங்கில் படம் பார்க்கச் சென்றிருந்த வேளையில்' என்ற இடத்துக்கு வந்ததும் ஊராட்சித் தலைவர் தவசிலிங்கம் துள்ளி எழுந்தார்.

"யாரு படத்துக்குப் போனது? உரம் வாங்கப் போனோம்!"

"முன்னூறு ஆம்பளைக உரம் வாங்கப் போயி, ஒருத்தர் கையிலயும் ஒரு பொட்டணம் இல்லாமத்தான் வந்தீக" என்றார் அக்கா. "வரும்போது பாட்டு மட்டும் பாடிக்கிட்டு வந்தீக."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. தலைவருக்கு அப்போது இருபத்து மூன்று வயதாம். படத்தில் கதாநாயகி கட்டிய சேலை நிறம்கூட அவர் சொல்லி ஊருக்குத் தெரியுமாம். இருந்தாலும் அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நான் பேனாவை எடுத்து, 'ஆடவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த வேளையில்' என்று மாற்றினேன். ஆம்பளைகள் கைதட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்த ஊருக்கு நான் செய்த முதல் அரசியல் சேவை இது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர்க்கும் நாள். நாற்பது பேர் ஒரே பேருந்தில் போனோம். கண்டக்டர் என்ன விசேஷம் என்று கேட்டார். "லீவு வாங்கப் போறோம்" என்று அக்கா சொன்னார். "எனக்கும் ரெண்டு நாள் வாங்கிட்டு வாங்க" என்றார் அவர்.

வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். வாங்கியவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயில்மா?" என்றார். "கோயில் இல்லைங்கய்யா, அம்மி" என்றார் அக்கா. அவர் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தார். பிறகு எண் போட்டுக் கொடுத்தார்.

கடையை ஒருநாள் மூடியாயிற்று. இனி எனக்கு வேலை இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

மிக்சி ரிப்பேர். மனு என்ன ஆனது என்று விசாரிக்கப் போன் பண்ணினேன். சும்மாதான்.

செப்டம்பர் 11, புதன்

கடிதம் வந்தது. உள்ளூர் விடுமுறை முக்கியத் திருவிழாக்களுக்கே வழங்கப்படுவதால், இணைப்பிலுள்ள படிவத்தில் (1) விழாவின் பெயர், (2) விழா நடைபெறும் இடம் ஆகியவற்றை ஏழு தினங்களுக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். தவறினால் மனு முடித்து வைக்கப்படும்.

இந்த 'முடித்து வைக்கப்படும்' எனக்குப் பழைய சிநேகிதி. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அந்த வரியைக் கொண்டு வந்து என்னிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். எந்த மனு பிழைக்கும், எது படுத்துவிடும் என்று கவரைப் பிரிக்கும்போதே எனக்குத் தெரியும். இது படுக்கப்போகிற மனு.

செப்டம்பர் 12, வியாழன்

காலையில் அக்கா பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார். "விழா பேரு, நெடுங்கரை அம்மித் திருவிழா. எடம், கம்மாக்கரை. அம்புட்டுத்தேன். சாமியெல்லாம் இல்லைன்னு தெளிவா போட்டுரு."

நிரப்பினேன். மூன்று முறை சரிபார்த்தேன். எப்போதும் மூன்று முறைதான். அக்கா கையெழுத்துப் போட வந்தபோது வாசித்துக் காட்டவில்லை. கரண்ட் போய்விட்டது, வெளிச்சம் போதவில்லை, அவருக்கும் அடுப்பில் பருப்பு. வேறொன்றுமில்லை.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

எங்கள் வி.ஏ.ஓ. ஜெபமலர் விசாரணைக்கு வந்தாள். சின்னப் பெண், இப்போதுதான் பணிக்குச் சேர்ந்திருக்கிறாள். அக்கா பள்ளிக்கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்ததால் கரைக்கு நானே கூட்டிப் போனேன். பழைய உடைப்பு இருந்த இடத்தில் ஓர் அம்மியின் முதுகு மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியும். போகிற வருகிற பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போவார்கள்.

"இதுதான் அம்மனாக்கா?" என்றாள் ஜெபமலர்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் இருமி முடிப்பதற்குள் அவள் போட்டோ எடுத்து, எழுதியும் முடித்துவிட்டாள். இஞ்சி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வந்துவிட்டது! மாவட்ட ஆட்சியரின் செயல்முறைகள் என்ற தலைப்பில் உத்தரவு, பச்சை மையில் கையெழுத்து. 22.11.2024 வெள்ளிக்கிழமை நெடுங்கரை ஊராட்சிக்கு உட்பட்ட பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உள்ளூர் விடுமுறை. ஈடுசெய்யும் வகையில் 30.11.2024 சனிக்கிழமை வேலை நாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். நான் ஓடி இந்த ஊர் பார்த்ததில்லை. எனக்குப் பின்னால் இருபது பெண்கள், ஏன் ஓடுகிறோம் என்றே தெரியாமல். சமையல்கட்டு வாசலில் வெடி வெடித்தோம். பிள்ளைகள் தட்டோடு ஆடின. "முப்பதாந்தேதி சனிக்கெழம, சும்மா இருந்திருப்பேன். லீவைக் குடுத்து கடைசி நாள்லயும் வேலை வாங்குறாக பாரு!" என்று அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கி, விரல் வைத்து மெதுவாக வாசித்தார். மேல் வரியில் விரல் நின்றது. 'நெடுங்கரை அம்மன் திருவிழாவை முன்னிட்டு.'

"அம்மன்னு போட்டிருக்கே" என்றார்.

"அட, லீவு வந்துச்சுல்ல!" என்று யாரோ சொன்னார்கள். இன்னொரு சரம் வெடித்தது. அக்கா தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினார்.

இப்போதெல்லாம் எழுத்துரு மாற்றும்போது மென்பொருள் தானாக எதையாவது செய்துவிடுகிறது. நம்ப முடியாத மென்பொருள்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

தலைவர் தவசிலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்காரே அம்மன் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டதாம், இனி கோயில் இல்லாவிட்டால் ஊருக்கு அவமானமாம். ஊர் மடத்தில் கூட்டம் போட்டு விழாக் கமிட்டி அமைத்தார். பதினோரு பேர், பதினோரு பேரும் ஆம்பளைகள்.

"அன்னைக்குக் கரையில நூத்தெட்டுப் பொங்கல்! வீட்டுக்கொரு மாவிளக்கு!"

"பொங்கல யாரு வைக்கிறது?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

"இதென்ன கேள்வி? பொம்பளைகதான். அம்மனுக்குப் பொம்பளைக வச்சாத்தான ஆகும்?"

அடுப்பு மூட்டாத நாளில் நூற்றெட்டு அடுப்பு! கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்து, அன்று கரையை அடைத்தது அம்மன்தான், பெண்கள் உருவில் வந்து அடைத்தது என்று பேசினார். பலமான கைதட்டல். அம்மி போட்ட கைகள் அங்கேயேதான் இருந்தன. அவற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டதும் சமையல்கட்டுக்குப் போனேன். மணி மூன்றரை. அக்கா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார், ஆறிப்போன சோற்றோடு. முப்பத்து மூன்று வருஷமாக இதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அக்கா, அது மென்பொருள் இல்ல."

"தெரியும்த்தா."

"எப்படித் தெரியும்?"

"நீ தப்பா அடிக்கிறவ இல்லையே. அம்மி அம்மனா மாறி இருந்துச்சுன்னா, நீ மாத்தித்தான் இருக்கணும். உன்னைய எனக்குத் தெரியாதா?"

அழுதுவிட்டேன். இந்த டைரியிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன், செப்டம்பர் 12-ஐப் பார்க்கவும். கரண்ட் போகவே இல்லை. அம்மி என்று போட்டால் முடித்து வைத்துவிடுவார்கள், அம்மன் என்று போட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா ஒருநாள் சும்மா உட்கார வேண்டும், அது மட்டும்தான் கண்ணில் நின்றது. அதையும் சொன்னேன்.

அக்கா இடது கையால் என் முதுகைத் தட்டினார். "எனக்காகத்தான் செஞ்ச. ஆனா இத விட்டா, அம்மன் வந்து அடைச்சுச்சுன்னே எழுதிருவாக. நாங்க நாப்பத்தேழு பேரும் இல்லாமப் போயிருவோம். இன்னைக்கு உசுரோட இருக்கதே பத்தொம்பது பேரு. வாங்குன லீவைத் திருப்பிக் குடுத்துருவோம்."

"திருப்பிக் கொடுத்தா திரும்ப வராதுக்கா. இதுதான் உங்க கடைசி வருஷம்."

"முப்பத்து மூணு வருசம் கிண்டினவளுக்கு முப்பத்து நாலாவது வருசம் கிண்டத் தெரியாதா?"

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

ஊர் ரெண்டுபட்டுக் கிடக்கிறது. "கையில கெடைச்ச லீவை விடுறவ எவளாச்சும் உண்டா?" என்று என் கடை வாசலில் நின்றே பேசுகிறார்கள். லீவு வேண்டாம் என்று மனுக் கொடுக்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். முடியவே முடியாது என்றுவிட்டார்.

அவருக்கு ஒரு விஷயம் மறந்துபோய்விட்டது. அவர் வீட்டுக்காரியும் அம்மி போட்டவர்தான். "என் அம்மிய அம்மன்னு சொல்றத நிப்பாட்டுற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு டிவி பார்க்கிறாராம். இன்றோடு மூன்று நாள். தலைவர் மூன்று வேளையும் கடை இட்லி.

அக்டோபர் 26, சனி

தலைவர் கையெழுத்துப் போட்டார். இட்லி மாவு புளித்த ஏப்பத்தோடு போட்டார். திங்கட்கிழமை தானும் வருகிறாராம்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். பாதி கருகிவிட்டது. மனசு எங்கே இருக்கிறது?

அக்டோபர் 28, திங்கள்

இன்று கலெக்டரையே நேரில் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும், கைத்தறிச் சேலை, சிரிக்காத முகம். கோப்பைப் புரட்டிவிட்டு, "விடுமுறை கொடுத்தாச்சே? இன்னும் என்ன?" என்றார்.

"அத வேணாம்னு சொல்ல வந்தோம்மா" என்றார் அக்கா. அறையில் இருந்த அதிகாரிகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அக்கா கதையைச் சொன்னார். மழை, உடைப்பு, வைக்கோல், முள், அம்மி. கலெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்வி. "அப்போ ஊர் ஆம்பளைங்க எங்கே இருந்தாங்க? தீர்மானத்துல 'அலுவல் நிமித்தம்'னு இருக்கே, முன்னூறு பேருக்கும் ஒரே நாள்ல என்ன அலுவல்?"

தலைவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னே வந்தார். "படத்துக்கும்மா" என்றார்.

கலெக்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

ஆனால் விதி விதிதான். "விழா இல்லாததுக்கு லீவு கொடுக்க முடியாது. புதுசா விண்ணப்பிச்சா மேலிடத்துல கருத்துக் கேட்கணும். இந்த வருஷம் நடக்காது" என்றார். அக்கா அசையாமல் நின்றார். "அம்மி மிதிக்காம எங்க ஊர்ல ஒரு கல்யாணம் நடந்ததில்லம்மா. அந்தக் கல்லுக்கு ஒரு விழா இருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டார்.

கலெக்டர் கோப்பிலிருந்து எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "நீங்க எழுதிக் கொடுத்ததுலேயே 'அம்மன்'னுதானே இருக்கு?"

என் கால் தானாக முன்னே வந்தது. "அது நான் பண்ணினதும்மா. அவங்க அம்மித் திருவிழான்னுதான் சொன்னாங்க. தட்டச்சு செஞ்சது நான்."

"தட்டச்சுப் பிழையா?"

பிழையே இல்லை, தெரிந்து செய்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கலெக்டர் என்னை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "தட்டச்சுப் பிழைன்னா, புது உத்தரவு தேவையில்லை. விழா அதே விழா, தேதி அதே தேதி. பெயரை மட்டும் திருத்தி ஆணை போட்டா போதும். ஆனா தட்டச்சர் தன் கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுக்கணும். பிழையா, இல்லையா?"

பத்தொன்பது வருஷம். ஒரு கால், ஒரு கொம்பு.

"பிழைதான்மா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்தில் ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

'மேற்படி படிவத்தில் எனது கவனக்குறைவால் ஏற்பட்ட தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறேன்.' மூன்று முறை சரிபார்த்தேன். அந்த மன்னிப்புக் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஜெபமலர் வாங்கிக்கொண்டு போனாள். அவளும் தன் அறிக்கையைத் திருத்தி எழுதுகிறாளாம். "இனிமே நீங்க இருமினா நம்ப மாட்டேன்க்கா" என்றாள்.

சேது பலகையைக் காட்டி, "'பிழையின்றி'ன்னு இருக்கே, அழிச்சிறவா?" என்று கேட்டார். கேலியாம். டீ கொடுக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. கண்மாய் முக்கால் நிறைந்துவிட்டது. ஆணை வரவில்லை. அக்கா ஒன்றும் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போகும்போது கடையை ஒருமுறை பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். சிரித்துவிட்டுப் போவார்.

நவம்பர் 18, திங்கள்

வரவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சேது ஆறுதல் சொன்னார். ஒரே நாளில் நாற்பத்தேழு அம்மி நகர்ந்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிற பழமொழியா இது? சண்டை போட்டேன். வெள்ளிக்கிழமைக்கான அரிசியை அக்கா இன்றே புடைத்து வைத்துவிட்டதாகக் கேள்வி. அதைக் கேட்டதும் சண்டையை நிறுத்திவிட்டு அழுதேன்.

நவம்பர் 20, புதன்

மூன்று மணி சுமாருக்கு வந்தது. ஒரே பக்கம். இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

'பார்வை 1-இல் காணும் செயல்முறைகளில் நெடுங்கரை அம்மன் திருவிழா என்றிருப்பதை நெடுங்கரை அம்மி திருவிழா எனத் திருத்தி வாசிக்க வேண்டியது. பிற விவரங்களில் மாற்றமில்லை.'

'அம்மித் திருவிழா' என்று த் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் இப்படி விட்டது இதுதான் முதல் தடவை.

இந்த முறை நான் ஓடவில்லை. சேதுதான் வண்டியில் கூட்டிப் போனார். அக்கா கண்ணாடி மாட்டி, விரல் வைத்து வாசித்தார். திருப்பி வாசித்தார். "அம்மி" என்றார் சத்தமாக. அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பு மேடை மேல் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் நின்றேதான் பார்த்திருக்கிறேன் அவரை அந்த இடத்தில்.

நவம்பர் 22, வெள்ளி

விடிகாலையில் ஒரு தூறல், பிறகு நல்ல வெயில். எழுந்ததும் அடுப்பைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. சேது கரைக்குப் போய்விட்டிருந்தார். உப்புமா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை, அந்த மட்டுக்கு ஊர் தப்பியது.

இந்த வருஷம் வீட்டுக்கு வீடு சமைக்காமல் கரையிலேயே ஆம்பளைகள் எல்லோருமாகச் சமைப்பது என்று ஏற்பாடு. அந்தப் பதினோரு பேர் கமிட்டியை அக்கா கலைக்கவில்லை. "கமிட்டி இருக்கட்டும், வெங்காயம் உரிக்க ஆள் வேணும்ல" என்றுவிட்டார். நான் போனபோது பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் கரண்டியும் கையுமாக சாம்பார் அண்டாவுக்குக் காவல்.

ஒன்பது மணிக்கு அக்காவைக் காணோம். தேடிப் போனால், பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னால் நிற்கிறார். பூட்டு தொங்குகிறது. சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"பூட்டித்தான் இருக்குக்கா."

"இருக்கட்டும்த்தா, பாத்துக்கிட்டேன்" என்றார். முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது.

கரையில் ஜெபமலர் நாற்பத்தேழு பெயரையும் வாசித்தாள். நான் அடித்துக் கொடுத்த பட்டியல். இறந்துபோன இருபத்தெட்டுப் பேருக்கு அவரவர் வீட்டுப் பெண்கள் எழுந்து நின்றார்கள். பதினாறாவது பெயர் என் மாமியாருடையது. நானும் எழுந்து நின்றேன். சம்பந்தம் கிடையாது என்று ஆகஸ்டில் எழுதியவள்தான்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. அம்மி போட்டவர்கள் முதல் வரிசை, நடுவில் அக்கா. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி இருந்தாரா? பிள்ளைகள் தட்டோடு வந்ததைப் பார்த்ததும் கை துறுதுறுவென்று கரண்டிக்குப் போனது. நாலு பேர் சேர்ந்து அதட்டி உட்கார வைத்தோம். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இலை விழுந்தது. ஆவி பறக்கிற சோறு விழுந்தது. அதன் மேல் தலைவர் தன் கையால் சாம்பார் ஊற்றினார். ஊற்றிவிட்டு நகராமல் நின்றார்.

அக்கா சோற்றில் விரலை வைத்துச் சட்டென்று எடுத்தார். "சுடுது" என்றார், எல்லோரையும் சுற்றிப் பார்த்து. பன்னிரண்டரை மணிச் சோறு சுடும் என்பதையே மறந்துபோனவர் மாதிரி. ஊதி ஊதி ஒரு வாய் வைத்தார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உப்பு பத்தல" என்றார்.

பெண்கள் பக்கம் வெடிச்சிரிப்பு. எனக்கு நெஞ்சு பக்கென்றது, பழக்க தோஷத்தில் இவரே எழுந்து போய் எடுத்து வந்துவிடுவாரோ என்று. தலைவரும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்.

அக்கா அசையவில்லை. சம்மணத்தை இன்னும் நன்றாகப் போட்டுக்கொண்டார். "எடுத்துட்டு வாங்க தலைவரே, நான் உக்காந்திருக்கேன்" என்றார்.

தலைவர் உப்பு எடுக்க ஓடினார்.